அப்பாவுக்கு இல்லாத கோட்

மார்ச் 11, வெள்ளி

இன்று நான் சொல்லாதது: அப்பாவுக்குக் கோட் கிடையாது.

சொல்ல நேரம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் சபையில் தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். இன்று எங்கள் முறை. முப்பது பேர் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் பேரின்பம் பெரியம்மா சாட்சி சொல்ல எழுந்தாள். எங்கள் தெருவில் தையல் தைக்கிறவள். ஜனவரியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுவதும் நினைவில்லாமல் கிடந்தாள். அந்தப் பகலில் பரலோகத்தையும் நரகத்தையும் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிறாள். அதைக் கேட்கத்தான் இந்த வருஷம் இத்தனை கூட்டம்.

“தங்கம், ஒங்க வீட்டுக்காரர அங்க கண்டேன்ட்டி” என்றாள் அம்மாவைப் பார்த்து. “கண்ணாடி மாதிரி ஒரு தெரு. அதுல நடந்து வாராவ. நீலக் கோட்டு, மூணு பொத்தான், கழுத்துல டை. காலர் மடிப்புகூட எனக்குத் தெரிஞ்சுது. மொகம் அப்பிடியே பளபளன்னு இருக்கு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில், மாலையும் சின்ன விளக்குமாக அப்பா படம். நீலக் கோட், மூன்று பொத்தான், டை. போன மே மாதம் அப்பா இறந்தபோது வீட்டில் நல்ல படமே இல்லை. கண்டக்டர் லைசென்ஸில் இருந்த படத்தைக் கொடுத்தோம். ஸ்டுடியோக்காரர் கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டை ஒட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார். அப்பா முப்பத்தொரு வருஷம் காக்கிச் சட்டை போட்டவர். கல்யாணத்துக்குக்கூட வேட்டி சட்டைதான்.

அம்மாவுக்கு அது தோன்றவில்லை. தோன்றாமலே இருக்கட்டும்.

பிறகு நரகம் வந்தது. “பேர் சொல்லமாட்டேன்” என்றாள் பெரியம்மா. “நம்ம சபைப் பையன்தான். செவப்பு பனியன், கறுப்புக் கண்ணாடி. ‘தண்ணி, தண்ணி’ன்னு கத்துதான்.”

சொர்ணபாய் அத்தை அடுக்களை வாசலில் சுக்குக் காப்பித் தட்டோடு நின்றாள். அத்தை அப்பாவின் சித்தப்பா மகள். அவளுடைய ஒரே மகன் செல்டன் அக்டோபரில் பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்தான். இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாகக் கோயிலுக்கு வராதவன். யாரும் அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் பார்க்காமல் இருப்பது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

அத்தை எல்லாருக்கும் காப்பி கொடுத்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

மார்ச் 12, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. ரசீதில் இன்னும் அப்பா பெயர். மாற்றவில்லை.

மார்ச் 14, திங்கள்

நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு ஐயர் வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். நாளிதழ்களைப் புரட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

“எப்சிபா, பேரின்பத்தம்மா சாட்சியப் புஸ்தகமாப் போடலாம்னு கமிட்டியில பேசியிருக்கு. ஈஸ்டருக்கு ஆயிரம் பிரதி. அவங்க சொல்லச் சொல்ல நீ எழுது. அங்கங்க வசனத்தப் போட்டுரு.”

“எல்லா எடத்துக்கும் வசனம் கிடைக்காது ஐயா.”

“ஒனக்கா கிடைக்காது? ஞானதுரை மகளுக்கா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஞானதுரை மகள்தான். பயணிகள் இறங்கும்போது போட்டுவிட்டுப் போகிற டிக்கெட்டுகளை அப்பா சட்டைப்பையில் சேர்த்துவைப்பார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் குறிப்பார். மத்தியானம் கறிக்குழம்பு வாசனை அடிக்க, நானும் அவரும் வேதாகமத்தையும், எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் தடிமனான ஒத்தவாக்கிய அகராதியையும் பிரித்துவைத்துத் தேடுவோம். ஐயர் சொன்ன வசனம் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவார். இல்லாவிட்டால் வைத்துக்கொள்வார். ஒருவரிடமும் போய்ச் சண்டை போட்டதில்லை. “பெரோயா ஊர்க்காரங்க அப்போஸ்தலன் பவுல் பேசுனதையே சரிபாத்தாங்கட்டி. நம்ம ஐயரு என்ன, பவுலுக்கு மேலயா?” என்பார். எட்டு வயதில் நான் நினைத்தது, எல்லாக் கண்டக்டர்களும் இதற்காகத்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று.

மார்ச் 19, சனி

பெரியம்மா வீட்டில் இன்று முதல் தடவையாக எழுத உட்கார்ந்தேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியிருக்கிறேன். இடது பக்கம் அவள் சொல்வது, வலது பக்கம் வசனம். தையல் மிஷினில் யாருடைய பாவாடைக்கோ நாடாப்பட்டி அடித்துக்கொண்டே பேசினாள். கதை சொல்கிற மாதிரி இல்லை, கடைக்குப் போய்வந்ததைச் சொல்கிற மாதிரி. பொய் சொல்கிறவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். இவள் ஊசியைத்தான் பார்த்தாள்.

தையல்காரி என்பதால் துணியைத்தான் முதலில் சொல்கிறாள். தூதனின் அங்கிக்குத் தையலே இல்லையாம். “எப்பிடிட்டி வெட்டியிருப்பாவ?” என்று என்னையே கேட்டாள்.

விவரம் முழுமையாக இருக்கட்டுமே என்று சில கேள்விகள் கேட்டேன். அப்பா செருப்புப் போட்டிருந்தாரா. வழக்கம்போல இடது காலைச் சற்று இழுத்து நடந்தாரா. ஏதாவது சொன்னாரா. யாரையாவது விசாரித்தாரா.

“சிரிச்சாவ. அவ்வளவுதான்ட்டி, அதுக்குள்ள தூதன் என்னக் கூட்டிட்டுப் போய்ட்டான்.”

எந்தப் பக்கமாகப் பார்த்துச் சிரித்தார் என்றும் கேட்டேன். இது நோட்டுக்குத் தேவையில்லை.

மார்ச் 23, புதன்

அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். மாவரைக்கும்போது பாடுகிறாள். பத்து மாதம் ஒரு தோசையைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துபோனவள், இப்போது மூன்று சாப்பிடுகிறாள். பக்கத்து வீட்டில், “அவுக கோட்டு போட்டு நடக்காவளாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மார்ச் 27, ஞாயிறு

அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனை. அத்தை கடைசி பெஞ்சில் இருந்தாள். எல்லோரும் எழுந்து வரிசையாகப் போய்ப் பீடத்தின் கிராதி முன்னால் முழங்காலிட்டோம். அத்தை எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்காமல் நான் பார்த்ததே கிடையாது. செல்டனை அடக்கம் பண்ணின வாரம்கூட, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, வந்து வாங்கினாள்.

வாசலில் அம்மா அவள் கையைப் பிடித்தாள். “என்ன சொர்ணம், மேலுக்கு முடியலையா?”

“அவன் இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு மைனி டிக்கெட் எடுக்கணும்?” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். கண்டக்டர் குடும்பத்தில் எல்லாருக்கும் இந்தப் பேச்சு உண்டு. இதற்குமுன் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 28, திங்கள்

நூலகத்துக்கு எதிர் மின்கம்பத்தில் செல்டனின் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் இன்னும் கட்டியிருக்கிறது. ஐந்து மாதமாக ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறேன். ஒரு பக்கம் வெளுத்து, கீழ் மூலை கிழிந்து காற்றில் அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடி. சிவப்பு பனியன்.

இதை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, சனி

நோட்டின் வலது பக்கம் நிறையவில்லை. உட்கார்ந்து யோசித்ததை எழுதிவைக்கிறேன்.

செத்துப்போன லாசரு நான்கு நாள் கல்லறையில் இருந்துவிட்டு வெளியே வந்தான். சுற்றியிருந்த ஜனம் எவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்கும்! அவன் அங்கே கண்டது என்று ஒரு வரிகூட வேதத்தில் இல்லை. பவுல் மூன்றாம் வானம்வரை போனதைப் பதினான்கு வருஷம் கழித்து, யாரோ ஒருவனுக்கு நடந்ததுபோலச் சொல்கிறார். கேட்டது மனுஷர் பேசக்கூடாத வார்த்தை என்று அதோடு நிறுத்திக்கொள்கிறார். யோவான் தரிசனத்தில் நிறையப் பார்த்தார். ஆனால் திரளான கூட்டம் என்கிறார், வெள்ளை அங்கி என்கிறார். இன்னார் அம்மா, இன்னார் மகன் என்று விரல் நீட்டவில்லை. பாதாளத்தில் தவித்த ஐசுவரியவான், தன் சகோதரர்களுக்குச் சொல்ல ஒருவனை அனுப்பச்சொல்லிக் கெஞ்சுகிறான். அவர்களிடம் வேதம் இருக்கிறது, அது போதும் என்றுதான் பதில் வருகிறது.

இவ்வளவையும் ஐயரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “கடைசி நாள்ல குமாரரும் குமாரத்திகளும் தரிசனம் காண்பாங்கன்னும் எழுதியிருக்குல்லா?” என்றார். “ஆவியானவரோட கையக் கட்ட நான் யாரு?”

“தீர்க்கதரிசனத்தை அற்பமா நெனைக்காதேங்கிற எடத்துலயே, எல்லாத்தையும் சோதிச்சுப் பாருன்னும் இருக்கு ஐயா.”

“இருக்கு” என்றார். “ஒங்க அம்மா இப்பதான் நிமிந்து நடக்காங்க. அதையும் யோசிச்சுக்கோ.”

அவர் சொன்னது தவறில்லை. அதனால்தான் கோட்டைப் பற்றி அவரிடம் சொல்லாமல் வந்தேன். கோட்டைச் சொன்னால் செல்டன் நரகத்தில் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் பெரியம்மா அவனைப் பார்க்கவில்லை என்று ஆகும். அதோடு அப்பாவையும் பார்க்கவில்லை என்று ஆகும். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது.

ஏப்ரல் 13, புதன்

தேர்தல். நூலகம் விடுமுறை. அம்மாவும் நானும் காலையிலேயே போய் ஓட்டுப் போட்டோம். அம்மா மை வைத்த விரலை அப்பா படத்திடம் காட்டினாள். பிறகு நான் பார்த்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தாள்.

நோட்டு முடியவில்லை. ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 17, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்து, பவனியில் பிடித்த குருத்தோலையை நான் சிலுவையாகப் பின்னிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அத்தை வந்தாள். மூன்று வாரத்தில் கழுத்து எலும்பு தெரிகிற மாதிரி ஆகியிருந்தாள். அம்மா சோறு போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்பா படத்துக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

“மைனி, ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக்கூடாது.”

“சொல்லு.”

“அண்ணன் மேல நல்ல எடத்துல இருக்காவல்லா. நீ ஜெபத்துல அவுககிட்டச் சொல்லேன்.” நாக்கை நனைத்துக்கொண்டாள். “என் மவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி. வெரல்ல நனச்சுத் தந்தாப் போதும். அண்ணனுக்கு அவன்மேல பிரியம்தான. எத்தன மட்டம் டிக்கெட் இல்லாம ஏத்திட்டுப் போயிருக்காவ.”

வேதத்தில் அந்த ஐசுவரியவான் முதலில் கேட்டதும் இதே ஒரு சொட்டுத் தண்ணீரைத்தான். அங்கே நடுவில் பெரும்பிளப்பு இருக்கிறது, யாரும் கடக்க முடியாது. அத்தைக்கு அந்தப் பகுதி முழுவதும் மனப்பாடம். தெரிந்துதான் கேட்கிறாள். வாயில் வந்த வசனத்தை நான் விழுங்கினேன்.

அம்மா எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றினாள், விளக்கு வயரைப் பிடுங்கினாள், படத்தை இறக்கினாள். அதை அத்தையின் மடியில் வைத்தாள்.

“சொர்ணம், இதப் பாரு. ஒங்க அண்ணன் எந்தக் காலத்துலடி கோட்டு போட்டாவ?”

அத்தை படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“கோட்டு போடச் சொன்னவ நான். டை வேணுமான்னு கேட்டான் ஸ்டுடியோக்காரன். அதையும் மாட்டுன்னேன். காக்கிச் சட்டையிலயே ஆயுசு முடிஞ்சுபோச்சே, படத்துலயாவது இருக்கட்டும்னு. அவுக போனப்போ பேரின்பம் அக்கா இந்தப் படத்துக்கு முன்னால நாப்பது நாள் ஒக்காந்து ஜெபிச்சிருக்கா. ஒன் மவன் படத்துக்கு முன்னாலயும்தான். அவ பாத்தது இதத்தான்.”

“அம்மா” என்றேன். “ஒனக்குத் தெரியுமா?”

“அவ கோட்டுன்னு வாயத் தொறந்தப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏம்மா…”

“பதினோரு மாசமா எல்லாரும் அவுக டூட்டியில விழுந்து கெடந்ததத்தான் சொல்லுதாவ. அவுகள நடக்கவச்சுச் சொன்னது அவ ஒருத்திதான்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நீயும் ஆசையா நோட்டு போட்டு எழுதுன. நான் எதுக்கு உன் மனசக் கெடுக்கணும்னு இருந்தேன்.”

நான் குருத்தோலையைக் கீழே வைத்தேன்.

அத்தை வெகுநேரம் படத்தின் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அந்தச் செவப்பு பனியன் அவனது இல்ல. சேக்காளிகிட்ட வாங்கிப் போட்டுப் படம் எடுத்தான். நாம பெட்டியில வச்சப்போ வெள்ளச் சட்டல்லா மைனி போட்டு அனுப்புனோம்.”

“ஆமா. நாந்தான் பொத்தான் மாட்டுனேன்.”

“அப்போ என் மவன் எங்க இருக்கான்?” இதை என்னிடம் கேட்டாள். படித்தவள் என்று.

பரலோகத்தில் இருக்கிறான் அத்தை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நானும் இன்னொரு பேரின்பம் பெரியம்மாதான்.

“தெரியாது அத்த. எனக்குத் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது. தீர்ப்புச் சொல்லுதவர் ஒருத்தர்தான். அவர் இன்னும் யார்கிட்டயும் சொல்லல.”

“தெரியாதுன்னா…” அத்தை நிறுத்தினாள். “தெரியாதுன்னா, நம்பலாம்லா?”

“நம்பலாம்.”

அம்மா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். அத்தை நான்கு கவளம் சாப்பிட்டாள். எண்ணினேன்.

ஏப்ரல் 18, திங்கள்

அம்மா படத்தை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். பேரின்பம் பெரியம்மா ஈஸ்டர் துணி தைக்கிற அவசரத்தில் இருந்தாள்.

“அக்கா, நீங்க பொய் சொன்னீங்கன்னு சொல்ல வரல” என்றுதான் அம்மா ஆரம்பித்தாள்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தைக்க வந்த துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “தோள்பட்ட ஒக்காரலியே” என்றாள். “கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல வெட்டுத் தெரியுது. இது வேற ஆளு அளவுல்லா.” விரலால் அந்தக் கோட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போனாள். மூன்றாவது பொத்தானில் நின்றாள்.

“நான் கண்டது நிஜம் தங்கம். சத்தியமாக் கண்டேன்.”

“கண்டீங்க அக்கா. ஆனா சொர்ணம் சோறு திங்கமாட்டேங்கா.”

பெரியம்மா மிஷினில் தலையைக் கவிழ்த்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். “அப்போ அன்னைக்குப் பகல் முழுக்க நான் எங்கட்டி போனேன்?”

என் நோட்டின் வலது பக்கத்தில் அதற்கு வசனம் இல்லை. அவளுக்கும் நஷ்டம்தான். செத்துப் பிழைத்த ஒருத்திக்கு அந்த ஒரு பகல்தான் சொத்து. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா கட்டினேன். கோணலாகத்தான் வந்தது. பிரித்துவிட்டு அவளே கட்டினாள்.

ஏப்ரல் 20, புதன்

ஐயரிடம் நோட்டைக் கொடுத்தேன். பாதி எழுதியும் பாதி வெறுமையாகவும் இருந்தது. பேரின்பம் பெரியம்மா முந்தின நாளே அவரைப் போய்ப் பார்த்து, அச்சுப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

“ஒங்க அப்பா இருந்திருந்தா மொத நாளே ஒரு டிக்கெட்டோட வந்திருப்பாரு” என்றார். அப்பா டிக்கெட்டுகளை அவரிடம் காட்டினதே இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 24, ஈஸ்டர்

விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. அப்பா கல்லறைக்கும் செல்டன் கல்லறைக்கும் அம்மா ஒரே அளவு பூ வைத்தாள். அத்தை தோட்டத்துக்கு வந்தாள். ஆனால் கோயிலில் திருவிருந்துக்கு எழுந்திருக்கவில்லை. நான் எழுந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். அப்பா இறந்த அன்று காலை டூட்டிக்குப் போகும்போது ஒரு டிக்கெட்டை நீட்டினார். “எப்சி, இது எங்க இருக்குன்னு பாத்து வை.” நான் ஒரு நாவலின் கடைசி இருபது பக்கத்தில் இருந்தேன். “சாயந்தரம் பாக்கேம்பா” என்று வாங்கி, படிக்காமல், போன வருஷ டைரிக்குள் சொருகினேன். மூன்று மணிக்கு டெப்போவிலிருந்து போன் வந்தது. அந்த டிக்கெட்டை இன்றுவரை திருப்பிப் பார்த்ததில்லை. அந்த நாவலையும் முடிக்கவில்லை.

இன்று திருப்பினேன். பென்சில் எழுத்து சற்று மங்கியிருந்தது. “பவுல் மேலங்கியை யார் வசம் வைத்துவிட்டு வந்தான்?”

துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடம். தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபம், நான்காம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். வரும்போது அந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா என்று பவுல் சிறையிலிருந்து கேட்கிறார். தேட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஞாயிறு பள்ளி வினாடிவினாவுக்கு அப்பா கேள்வி சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் இது ஒன்று. அவ்வளவுதான். பெரியம்மாவாக இருந்தால் கோட்டையும் புஸ்தகத்தையும் பார்த்ததும் இது அடையாளம் என்பாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவ்வளவுதான்.

விடையைக் கீழே எழுதினேன். வசனம் இருந்தால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவது அப்பாவின் வழக்கம். கிழிக்கவில்லை.

மே 15, ஞாயிறு

அப்பாவின் முதலாம் வருஷ நினைவு நாளுக்கு ஸ்டுடியோவில் படத்தை மாற்றி வாங்கினோம். காக்கிச் சட்டை, மேல் பொத்தான் போடாமல். புத்தகம் அச்சாகவில்லை. மின்கம்பத்து ஃபிளெக்ஸை அத்தையே போன வாரம் அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இன்று ஆராதனையில் அத்தை எழுந்து வந்தாள். கிராதியில் அம்மாவுக்கும் பேரின்பம் பெரியம்மாவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் முழங்காலிட்டு, திருவிருந்து வாங்கினாள்.